அழுத்தம் ஆடினால்

பினாங்கின் சூலியா தெருவில் விற்கும் மதுவில் மெத்தனால் கலந்திருந்தால் நாக்குக்குத் தெரியாது. கேஸ் குரோமட்டோகிராப் என்ற ஆய்வகக் கருவி காட்டிக்கொடுக்கும். 2018 செப்டம்பரில் சிலாங்கூரில் அப்படிக் கலந்த மது பலரைக் கொன்றது. அந்தக் கருவியில் மெத்தனாலையும் எத்தனாலையும் அவை வெளிவரும் நேரத்தை வைத்தே பிரித்தறிகிறார்கள். அவற்றைச் சுமந்துசெல்லும் வாயுவின் அழுத்தம் ஆடினால் அந்த நேரமும் நகர்ந்துவிடும். ஆகவே அந்த அழுத்தத்தைச் சரிசெய்வது வெறும் மெக்கானிக் வேலையல்ல, மக்களின் உயிர் சார்ந்தது.

அழுத்தம் குறித்த அளவை எட்டவில்லை என்றதும் எலெக்ட்ரானிக் போர்டை மாற்றச் சொல்வதை நான் ஏற்கவில்லை. முதலில் வாயு சிலிண்டரைப் பாருங்கள். பிறகு ஊசி குத்திக் குத்தித் துளைந்த செப்டம் (ரப்பர் அடைப்பான்), உள்ளே இருக்கும் கண்ணாடிக் குழாயான லைனரின் ஓ-ரிங், பிரிப்புக் குழாயின் (column) நட்டு. கசிவு பெரும்பாலும் அங்கேதான். மாதிரியின் ஒரு பகுதியை வெளியே விடும் ஸ்பிளிட் முறையில் அழுத்தம் அளவுக்கு மேல் ஏறினால், வெளியேறும் வழியின் வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கசிவைத் தேடச் சோப்பு நீர் மட்டும் வேண்டாம். உள்ளே புகுந்தால் அடுத்த பரிசோதனையையும் கெடுக்கும். ஆய்வகச் செலவைக் குறைப்பவர்கள் செப்டம் வாங்கும் பணத்தில் கைவைக்கக் கூடாது.