கள்ளும் பிராந்தியும்

கள் குடிப்பவன் குடிகாரன், பிராந்தி குடிப்பவர் கனவான் என்பதாக ஓர் எண்ணம் நமது ஜனங்களுக்குள் வெகு நாளாய் இருந்து வருகின்றது. பீர் மதுவே அல்ல என்றுகூடச் சிலர் சொல்லிக்கொள்ளுகிறார்கள். இந்தப் பாகுபாட்டுக்கு ஆதாரம் என்ன என்று கேட்கிறோம்.

எந்த மதுவாயிருந்தாலும் அதிலுள்ள போதைப் பொருள் எத்தனால் என்னும் ஒன்றேதான். சர்க்கரையுள்ள சாற்றில் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சேர்ந்து புளித்தால் அது உண்டாகிவிடும். பாளைச் சாறு வடியும் கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதநீர், தடவாவிட்டால் கள். முளைவிட்ட பார்லி புளித்தால் பீர், திராட்சை புளித்தால் ஒயின். போதை மிகுந்தால் ஈஸ்டே செத்துப்போகுமாதலால், அதற்குமேல் வேண்டுமானால் காய்ச்சித்தான் ஆகவேண்டும். எத்தனால் 78 டிகிரியிலேயே கொதிக்கும், தண்ணீர் 100 டிகிரியில். முன்னால் வரும் ஆவியைக் குளிரவைத்துப் பிடித்தால் சாராயம். அப்படி ஒயினில் பிடித்ததற்குப் பிராந்தி என்றும், தானியத்தில் பிடித்ததற்கு விஸ்கி என்றும், கரும்பாலைக் கழிவுப்பாகில் பிடித்ததற்கு ரம் என்றும் பெயர். நம் நாட்டில் விஸ்கியென்று விற்பதிலும் பெரும்பகுதி கழிவுப்பாகுச் சாராயத்தில் நிறமும் மணமும் சேர்த்ததே. ஆகவே கனவான் குடிப்பதும் சாராயமே, புட்டிதான் வேறு.

பீர் பிரியர்களுக்கு ஒரு கணக்கு. நூற்றுக்கு 5 பங்குள்ள பீர் 650 மில்லியில் எத்தனால் 32 மில்லிக்கு மேல். நூற்றுக்கு 42.8 பங்குள்ள பிராந்தி 60 மில்லியிலோ 26 மில்லிகூட இல்லை!

பின் உயர்வு தாழ்வு எங்கிருந்து வந்தது? மரமேறுகிறவனைக் கீழ்ச்சாதி என்றார்கள். அவன் இறக்கியதும் கீழ்ச்சரக்காயிற்று. துரைமார் கொண்டுவந்தது மேல்சரக்காயிற்று. கடவுள்களிலுங்கூட இந்திரனுக்குச் சோமபானம், எல்லைக் கருப்பனுக்குச் சாராயம். தமிழ்நாட்டு சர்க்காரும் 1987-இல் கள்ளை விலக்கிவிட்டு, 2003-இல் சீமைச் சரக்கின் சில்லரை விற்பனையைத் தானே கையில் எடுத்துக்கொண்டது. நாம் கள்ளுக்குப் பரிந்து பேசவில்லை, கணக்கைத்தான் கேட்கிறோம்.

மெய்யான வித்தியாசம் ஒன்று உண்டு. மெத்தனால் கலந்த சரக்கு, உடம்புக்குள் பார்மிக் அமிலமாக மாறிக் கண்ணையும் உயிரையும் வாங்கும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் அப்படித்தான் மாண்டார்கள்.

பிள்ளை பெற்றவளுக்கும் சளி பிடித்த குழந்தைக்கும் பிராந்தி மருந்து என்று ஊட்டுகிற தாய்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். குடித்தவுடன் தோலின் இரத்தக்குழாய்கள் விரிவதால் சூடு ஏறினாற்போல் தோன்றுகிறதே தவிர, உள்ளிருக்கும் சூடு வெளியேதான் போகிறது. சளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. குழந்தைக்கோ கொஞ்சம் மதுவே இரத்தத்தில் சர்க்கரையைக் குறைத்து மயக்கத்தில் தள்ளிவிடும்.