மெல்லாதவருக்கும் ஊர் சொந்தம்

கனடாவில் 2018 ஒக்ரோபர் 17ஆம் நாள் கஞ்சா சட்டபூர்வமாக்கப்பட்டது. யேர்மனியில் 2024 ஏப்ரல் 1 முதல், வயதுவந்தோர் அதனை வரையறுக்கப்பட்ட அளவில் வைத்திருக்கவும் வளர்க்கவும் அனுமதிக்கப்பட்டனர். தாய்லாந்து 2022 யூன் மாதத்தில் கஞ்சாவைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. பின்னர் 2025 யூன் மாதத்தில், மருத்துவரின் சீட்டு இன்றி விற்கலாகாது என மீண்டும் கட்டுப்படுத்தியது.

இந்நாடுகளில் நிகழ்ந்த விவாதங்களில் இரு குரல்களே ஓங்கி ஒலித்தன. பயன்படுத்துவோரின் உரிமைக் குரல் ஒன்று. தடைவேண்டுவோரின் அச்சக் குரல் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாமவர் ஒருவர் இருக்கின்றார். அவர் புகைப்பதுமில்லை, பிறர் புகைப்பதைத் தடுக்கும் அதிகாரம் அவரிடம் இருப்பதுமில்லை. மாடிக் குடியிருப்பின் அடுத்த வீட்டிலிருந்து வரும் நெடியைச் சகித்துக்கொண்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் தாய் அவர். பேருந்துத் தரிப்பிடத்தில் சற்றுத் தள்ளி நிற்கும் முதியவர் அவர். பயன்படுத்தாதவரின் அன்றாட வாழ்வு எப்படி இருக்கும் என்ற கேள்வி, புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோரின் உள்ளத்தில் எழுவது இயல்பே.

ஆனால் இக்கேள்வி மேலைநாட்டு நகரங்களில் புதிதாகப் பிறந்த ஒன்றன்று. சட்டம் தடுக்காத, வழக்கம் வாழ்த்துகின்ற, உடலையும் ஊரையும் கெடுக்கின்ற ஒரு பொருளோடு தலைமுறை தலைமுறையாக வாழும் நகரங்கள் ஆசியாவில் உண்டு. அவற்றுள் ஒன்று மியன்மாரின் யங்கோன். அங்கே கஞ்சா சட்டவிரோதமானது. அங்குள்ள பொருள் தமிழருக்கு மிகவும் நெருக்கமானது. அதுதான் வெற்றிலை.

லைங் தாயாவின் தெருவோரம்

யங்கோன் மாநகரின் மேற்கே, லைங் ஆற்றுக்கு அப்பால் அமைந்துள்ளது லைங் தாயா. 1980களின் இறுதியில், நகரின் உட்பகுதியிலிருந்து அகற்றப்பட்ட மக்களைக் குடியேற்றுவதற்காக இராணுவ அரசு உருவாக்கிய புறநகர் அது. பின்னர் அங்கே தொழிற்பேட்டைகள் எழுந்தன. 2008இல் நர்கீசு சூறாவளி ஐராவதி வடிநிலத்தைச் சூறையாடியபோது, நிலமும் உறவும் இழந்த குடும்பங்கள் வேலை தேடி அங்கு வந்து குவிந்தன. 2014ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்படி லைங் தாயாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 6 இலட்சத்து 88 ஆயிரம். நாட்டிலேயே அதிக மக்களைக் கொண்ட நகரப் பிரிவு அதுவே. உலகச் சந்தைக்கு ஆடை தைக்கும் தொழிற்சாலைகளில் உழைப்போர் பெரும்பாலும் இளம்பெண்கள். சிறு அறைகளைப் பலர் பகிர்ந்துகொண்டு வாழ்பவர்கள் அவர்கள்.

இத்தகைய ஊரின் தெரு முனைகளில் எல்லாம் காணப்படுவது ‘குன் யா’ விற்கும் சிறு தட்டு. வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி, பாக்குச் சீவலும் புகையிலையும் வாசனைப் பொருளும் வைத்து மடித்து, சிறு பிளாஸ்டிக் பையில் இட்டுக் கொடுப்பார்கள். பாக்கிலுள்ள அரெக்கொலின் என்ற பொருளும் புகையிலையின் நிக்கொட்டினும் உறக்கத்தை விரட்டும். பசியை மறக்கச் செய்யும். இரவு முழுவதும் வண்டி ஓட்டுபவர், மூட்டை சுமப்பவர், கட்டட வேலை செய்பவர் ஆகியோர் அதனை நாடுவதன் காரணம் இதுவே. அவர்களைப் பழித்துப் பயனில்லை. பன்னிரண்டு மணிநேர உழைப்பைத் தாங்குவதற்கு மலிவான வழி வேறொன்று அவர்களுக்குக் காட்டப்படவில்லை.

பர்மியரின் பண்பாட்டில் வெற்றிலைக்கு உயர்ந்த இடமுண்டு. விருந்தினர் முன் அரக்குப் பூச்சிட்ட வெற்றிலைப் பெட்டியை வைப்பது பழைய மரபு. சிறுவர்கள் துறவாடை ஏற்கும் விழா ஊர்வலத்தில், வெற்றிலைப் பெட்டி ஏந்திய கன்னியர் அணிசெய்வர். ‘ஒரு வெற்றிலை மெல்லும் நேரம்’ என்பது காலத்தை அளக்கும் சொல்லாகவே பர்மிய மொழியில் வழங்குகின்றது.

பெரும்பான்மையோர் யார்?

உலக சுகாதார நிறுவனத்தின் முறையைப் பின்பற்றி 2014இல் மியன்மாரில் நடத்தப்பட்ட ஆய்வு, 25 முதல் 64 வயது வரையிலான ஆண்களில் 62 வீதத்தினரும் பெண்களில் 24 வீதத்தினரும் மெல்லும் வகை முதலான புகையற்ற புகையிலையைப் பயன்படுத்துவதாகக் கண்டது. இரு பாலாரையும் சேர்த்து நோக்கினால் 43 வீதம்.

இவ்வெண்ணைத் திருப்பிப் படித்தல் வேண்டும். 57 வீதத்தினர் மெல்லாதவர்கள். பெண்களில் நால்வருக்கு மூவர் மெல்லாதவர்கள். அவ்வாறிருந்தும் ஊரின் தோற்றத்தைத் தீர்மானிப்பவர்கள் மெல்லுவோரே. நடைபாதையில் சிவப்புக் கறை. மாடிப்படியின் மூலையில் சிவப்புக் கறை. பேருந்துச் சாளரத்தின் வெளிப்புறத்தில் சிவப்புக் கறை. வீதியின் சமிக்ஞை விளக்கில் நிற்கும் வாடகை வண்டியின் கதவு திறக்கும், ஓட்டுநர் குனிந்து துப்புவார், கதவு மூடும். அருகே நடந்து செல்லும் பெண் தன் உடையைச் சுருக்கிப் பிடித்து விலகிச் செல்வாள். விலகிச் செல்ல வேண்டியவர் எப்போதும் மெல்லாதவரே என்பது இங்கே எழுதப்படாத சட்டம்.

மழைக்காலத்தில் நிலை மேலும் மோசமாகும். மடிப்பு வந்த சிறு பைகள் வடிகால்களை அடைக்கும். தாழ்நிலமான லைங் தாயாவில் தேங்கும் நீர், மென்றவன் வீடு, மெல்லாதவன் வீடு என்று பார்த்துப் புகுவதில்லை. குடும்பத்தின் உள்ளேயும் இவ்வாறே. மெல்லுபவர் ஒருவர், அதற்குச் செலவாகும் பணம் அனைவருக்கும் உரியது. நோய் வந்தபின் படுக்கையருகே அமர்ந்திருப்பவர், தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் வெற்றிலை மென்றிராத மனைவியாகவோ மகளாகவோ இருப்பார்.

நோய் என்பது வெறும் அச்சுறுத்தலன்று. புகையிலை சேர்ந்த தாம்பூலம், புகையிலை சேராத தாம்பூலம், தனிப் பாக்கு ஆகிய மூன்றுமே மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பவை எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட நூல் உறுதிசெய்தது. 2022இல் உலகெங்கும் கண்டறியப்பட்ட சுமார் 3 இலட்சத்து 89 ஆயிரம் வாய்ப் புற்றுநோய்களுள், 1 இலட்சத்து 20 ஆயிரம் புகையற்ற புகையிலையாலும் பாக்கினாலும் விளைந்தவை என அதே முகவரகம் 2024இல் மதிப்பிட்டது. அவற்றுள் இந்தியாவின் பங்கு 83,400. மியன்மாரின் பங்கு 1,600. இலங்கையின் பங்கு 1,300.

சட்டம் இருந்தது, இடம் இருக்கவில்லை

மியன்மார் சட்டமற்ற நாடாக இருந்ததில்லை. 2006ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதையும் பள்ளிகளின் அருகே விற்பதையும் தடைசெய்தது. பொது இடத்தில் துப்புவோருக்கு யங்கோன் மாநகர நிருவாகம் தண்டப்பணம் அறிவித்தது. 2016இல் பதவிக்கு வந்த அரசு, அரச ஊழியர்கள் அலுவலகங்களில் வெற்றிலை மெல்லலாகாது எனப் பணித்தது. அலுவலகச் சுவர்கள் சற்று வெளுத்திருக்கலாம். ஆனால் லைங் தாயாவின் தொழிலாளிக்கு அலுவலகம் ஏது? அவர் வாழும் இடம் தெருவும் பேருந்தும் பகிர்ந்த அறையுமே.

அதன்பின் அந்த ஊர் கண்டது பெருந்துயர். 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மார்ச் 14ஆம் நாள் லைங் தாயாவில் ஆர்ப்பாட்டக்காரர்மீது துப்பாக்கிச் சூடு நிகழ்ந்து பெருந்தொகையினர் கொல்லப்பட்டனர். அங்கு இராணுவச் சட்டமும் பிறப்பிக்கப்பட்டது. உயிருக்கே உறுதியில்லாத இடத்தில் நடைபாதைக் கறையைப் பற்றிப் பேசுவது சிறுமை எனச் சிலர் கருதக்கூடும். உண்மை வேறு. தன் தெருவைப் பற்றி முறையிடுவதற்கு ஓர் அலுவலகமோ, அதனைச் செவிமடுப்பதற்கு ஒரு தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினரோ இல்லாத மக்களுக்குச் சிறிய உரிமையும் கிட்டுவதில்லை. பெரிய உரிமையும் கிட்டுவதில்லை. இரண்டும் ஒரே வேரில் முளைப்பவை.

ஒன்ராறியோவோடு இதனை ஒப்பிட்டு நோக்கலாம். அங்கே 19 வயது நிரம்பியவர் கஞ்சா வாங்கலாம். ஆயினும் மூடிய பொது இடங்களிலும் பள்ளிகளிலும் சிறுவர் விளையாடும் இடங்களிலும் புகைக்கலாகாது. கடை பள்ளியிலிருந்து 150 மீற்றர் தள்ளி இருத்தல் வேண்டும். கடைகளே வேண்டாம் என ஒதுங்கும் வாய்ப்பு ஒவ்வொரு நகரசபைக்கும் வழங்கப்பட்டது. தமிழர் செறிந்து வாழும் மார்க்கம் நகரம் அவ்வாறே ஒதுங்கியது. 2022 சனவரி 1 முதல், அடுக்குமாடி உடைமைக் குடியிருப்புகளில் பிறருக்குத் தொல்லை தரும் புகையும் நெடியும் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளன. இவையனைத்தும் யாரால் வந்தன? பயன்படுத்தாதவர்கள் கூட்டங்களுக்குச் சென்று, மனு எழுதி, வாக்களித்துப் பெற்றவை. அங்கும் குறைகள் நீங்கிவிடவில்லை. உண்ணும் வகைக் கஞ்சா இனிப்புகள் விற்பனைக்கு வந்தபின், அவற்றை அறியாது உண்ட சிறு குழந்தைகள் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுவது ஒன்ராறியோவில் பன்மடங்கு பெருகியதாக ஆய்வாளர்கள் 2022இல் எடுத்துக்காட்டினர். எனினும் அங்குள்ளவருக்கு முறையிட ஒரு வாசல் உண்டு. லைங் தாயாவின் பெண்ணுக்கு அந்த வாசல் இல்லை.

முற்றாகத் தடைசெய்வதே தீர்வு என வாதிடுவோர், பப்புவா நியூகினியின் தலைநகர் போர்ட் மொரெஸ்பியை நினைவிற்கொள்ள வேண்டும். 2013இல் அங்கே பாக்கு விற்பனை தடைசெய்யப்பட்டது. பாக்கு மறையவில்லை; கடத்தப்பட்டது, விலை ஏறியது. தெருவோரம் விற்றுப் பிள்ளைகளைக் காத்த ஏழைப் பெண்களே முதலில் துன்புற்றனர். சில ஆண்டுகளில் தடை தளர்த்தப்பட்டது. ஆகவே தடையா அனுமதியா என்பதோடு நில்லாது, பொது இடம் யாருக்கு உரியது என்ற கேள்வியையும் எழுப்ப வேண்டும்.

தமிழர் தம்மை நோக்கும் நேரம்

இவ்விடத்தில் தமிழர் பிறரைக் குறைகூறி ஒதுங்கிவிட முடியாது. ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் ‘பீற்றல்’ என்ற சொல்லே, தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான வெற்றிலை என்ற சொல்லிலிருந்து போர்த்துக்கேயர் வழியாகச் சென்றது. திருமண நிச்சயம் முதல் இறுதிச் சடங்கு வரை தாம்பூலமின்றித் தமிழர் வீட்டில் எதுவும் நிகழ்வதில்லை. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்களில், பசியையும் குளிரையும் மறக்க வெற்றிலையை நம்பிய தலைமுறைகள் உண்டு. இலங்கை ஆண்களிடையே வாய்ப் புற்றுநோய் முன்னணியில் நிற்பதை நாட்டு மருத்துவர்கள் நெடுங்காலமாக எடுத்துரைத்து வருகின்றனர்.

புலம்பெயர்ந்த நாடுகளிலும் கறை தொடர்கின்றது. தெற்காசியர் செறிந்து வாழும் வெம்பிளியை உள்ளடக்கிய இலண்டன் பிரெண்ட் நகரசபை, நடைபாதையிலுள்ள வெற்றிலைக் கறைகளைக் கழுவ ஆண்டுதோறும் 30,000 பவுண்களுக்கு மேல் செலவிடுவதாக 2025இல் தெரிவித்தது. அப்பணம் மெல்லாதவரும் செலுத்தும் வரிப்பணமே.

கஞ்சாப் புகையின் நெடியைக் கண்டு முகஞ்சுளிக்கும் தந்தை, தம் வாயிலுள்ள வெற்றிலையை மறந்துவிட்டுப் பேசினால் பிள்ளை அதனை நம்புமா? பிள்ளைகள் சொல்லைக் காட்டிலும் செயலையே கூர்ந்து நோக்குகின்றனர். “சட்டம் அனுமதிக்கின்றதே” என்று மகன் கூறும்போது, “நம் வழக்கம் அனுமதிக்கின்றதே” என்று தந்தை கூறும் விடைக்கும் அதற்கும் வேறுபாடு சிறிதே. இரண்டும் தீமையை மறைக்கும் இரு திரைகள். சட்டம் தண்டிக்காததெல்லாம் நல்லது ஆகிவிடாது. முன்னோர் செய்ததெல்லாம் நலம் தருவது ஆகிவிடாது. தட்டத்தில் வைக்கும் வெற்றிலை மங்கலமாகவே இருக்கட்டும். மங்கலத்துக்கு அது தட்டத்தில் இருந்தால் போதும். புகையிலையோடு வாய்க்குள் செல்ல வேண்டியதில்லை.

இளையோர் அறிய வேண்டியது மற்றொன்றும் உண்டு. மறுப்பதும் ஓர் உரிமையே. நண்பர் குழுவில் நீட்டப்படும் பொருளை வேண்டாம் என்பவரைக் கோழை என்று எள்ளுவது, லைங் தாயாவின் பேருந்தில் துப்புவதற்கு ஒப்பானது. இரண்டிலும் ஒருவரின் இன்பத்துக்காக மற்றவரின் இடம் பறிக்கப்படுகின்றது. பயன்படுத்துபவரை வெறுக்க வேண்டியதில்லை; அவருள் நோயுற்றவர் உண்டு, களைத்தவர் உண்டு. ஆனால் விலகி நிற்க வேண்டியவர் எப்போதும் பயன்படுத்தாதவரே என்ற வழக்கை ஏற்க வேண்டியதுமில்லை.

புலம்பெயர்ந்த தமிழருக்குக் குடியிருப்போர் கூட்டமும், பள்ளிப் பெற்றோர் சங்கமும், நகரசபையும், வாக்குச்சீட்டும் இருக்கின்றன. லைங் தாயாவின் தையல் தொழிலாளிக்கு இவற்றுள் ஒன்றேனும் கைக்கெட்டவில்லை. கிடைத்த வாசலைத் தட்டாதிருப்பது, அவ்வாசல் மறுக்கப்பட்டோரை மறப்பதாகும். முதற்படியை வீட்டிலேயே எடுத்து வைக்கலாம். இன்றிரவு உணவு மேசையில், பிள்ளையின் கேள்விக்கு விடை கூறுமுன், பெற்றோர் தம் வெற்றிலைத் தட்டத்தை ஒருமுறை நோக்கட்டும்.