மாத்திரை வந்த பிறகு



அரியலூர், திருச்சி, தஞ்சாவூர்ச் சாலைகள் கூடும் ஊர் கீழப்பழுவூர். பஸ்ஸுக்குக் குறைவில்லை. ஆனாலும் பிரஷர் மாத்திரை வாங்க ஒரு காலைப்பொழுதை ஆஸ்பத்திரி வரிசையில் கழித்தால், களையெடுக்கப் போகிற ஒரு பெண்ணுக்கு அன்றைய கூலி போய்விடும். மாத்திரை இலவசம்தான், அதை வாங்கப் போகும் நாள் இலவசமில்லை. அதனாலேயே மாத்திரையை விட்டவர்கள் எத்தனையோ பேர்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இந்தக் கஷ்டத்தைத்தான் முதலில் தொட்டது. மகளிர் குழுக்களிலிருந்து வந்த பெண்களே சுகாதாரத் தன்னார்வலர்களாகி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். 2024-இல் ஐ.நா. அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. மனதார மகிழ்கிறேன். வெயிலில் தெருத்தெருவாக நடக்கும் அந்தப் பெண்களுக்குச் சேர வேண்டிய பெருமை அது.

திட்டம் தொடங்குவதற்கு முன், 2020-இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர் அளவுக்குத்தான். மாத்திரை வாசலுக்கு வருவது பெரிய உதவி. அது ஒன்றே போதும் என்று மட்டும் நாம் இருந்துவிடக் கூடாது. வந்த மாத்திரை டப்பாவிலேயே கிடப்பதற்கும் காரணங்கள் உண்டு, ஒவ்வொன்றும் நியாயமான காரணம்.

அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். 'சிறுநீரகம் போச்சு' என்று பயந்து, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிடுவார்கள். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். நீர் பிரியச் செய்யும் மாத்திரை சாப்பிடுபவர், தஞ்சாவூருக்குக் கல்யாணத்துக்குப் போகிற அன்று அதைத் தொடமாட்டார். பஸ்ஸில் எங்கே இறங்குவது? பெண்களுக்கு இது இன்னும் பெரிய சங்கடம். இவை எல்லாவற்றுக்கும் மருத்துவரிடம் வழி இருக்கிறது: அளவைக் குறைக்கலாம், மாத்திரையை மாற்றலாம், வேளையை மாற்றலாம். ஆனால் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்!

எனக்கு அதிகக் கவலை தருவது முட்டிவலி மாத்திரை. நாற்று நட்டும் சுமை தூக்கியும் தேய்ந்த மூட்டுகளுக்குக் கடையில் சீட்டு இல்லாமலே டைக்ளோஃபெனாக் வாங்கி விழுங்குகிறோம். அது பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிரஷர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் அளவு இறங்காதவர்களிடம், இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

'பிரஷர் நார்மல் ஆயிடுச்சு' என்று நிறுத்துபவர்களும் நம் வீடுகளில்தான் இருக்கிறார்கள். நார்மலாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். நிறுத்தினால் அழுத்தம் மறுபடி ஏறும். பெரும்பாலும் தலைவலிகூட வராது, பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோதான் தெரியவரும். சில மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து.

ஆகவே தன்னார்வலர்களுக்கும், அவர்களுக்கு வேலை வகுத்துக் கொடுக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனை வீடு, எத்தனை அட்டை என்ற கணக்கோடு, ஒவ்வொரு வீட்டிலும் பேச நேரமும் ஒதுக்குங்கள். 'போன மாசம் கொடுத்ததுல எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கு அத்தை?' என்று திட்டாமல் கேட்டால் உண்மை வரும். அந்தப் பதில் செவிலியருக்கும் மருத்துவருக்கும் போய்ச் சேர வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை. வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போனில் 'மாத்திரை சாப்பிட்டியாம்மா?' என்று கேட்டால் 'சாப்பிட்டேன்' என்றுதான் பதில் வரும். 'சாப்பிட்டா உனக்கு என்ன பண்ணுது?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு வேளை தவறினால் மறுவேளை இரண்டாகப் போடக் கூடாது, பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது என்பதையும் சொல்லி வையுங்கள். அடுத்த முறை தன்னார்வலர் வரும்போது, வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் எடுத்து வெளியே வைக்கச் சொல்லுங்கள். முட்டிவலிக்குக் கடையில் வாங்கியதையும் சேர்த்து.

அன்புடன்,
ஆசிரியர்