பெயரைக் குறுக்கும் சிக்கனம்

இணையப் பக்கமொன்றின் நிறம், எழுத்தளவு, இடைவெளி முதலியவற்றை வகுத்துரைக்கும் ஏட்டினைப் பாணித்தாள் என்பர். அதனை எழுதுவோர் தாம் விரும்பிய பெயர்களை அதனுள் ஆக்கிக்கொள்ளலாம். இரு சிறுகோடுகளை முன்னிட்டுத் ‘தேயிலைநிறம்’ எனத் தமிழிலேயே பெயரிட்டாலும் உலாவி அதனை மறுப்பதில்லை. ஆயின், இன்று கணினி கற்போர்க்கு ஓதப்படும் உபதேசம் வேறு: பெயர்களைக் குறுக்குக, பக்கம் இலேசாகும்! தமிழ்ப் பெயர்க்கோ இரட்டைக் கண்டனம். யுடிஎப்-8 முறையில் ஆங்கில எழுத்தொன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழ்க் குறியொன்றுக்கு மூன்று வேண்டும். ‘தேயிலைநிறம்’ 33 பைட்டுகளைக் கொள்ளும்.

நோர்வூட்டில் ரீலோட் செய்து கைத்தொலைபேசியிற் பாடம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளையின் பெயராலேயே இவ்வுபதேசம் நியாயப்படுத்தப்படுகிறது. அப்பிள்ளையின் காசு வீணாகலாகாது என்பதில் எவர்க்கும் மறுப்பில்லை. ஆனால் அது எங்கே வீணாகிறது? பெரும்பாலான தளங்கள் பாணித்தாளைச் சுருக்கியே அனுப்புகின்றன. ஜிசிப் முறை, திரும்பத் திரும்ப வரும் சொல்லை ஒருமுறை முழுதாக அனுப்பி, பின்னர் வருமிடங்களில் ‘முன்னே வந்ததே இது’ எனும் சிறு சுட்டினை வைக்கிறது. நூறு தடவை வரும் பெயர்க்கு நூறு தடவை விலை கொடுப்பாரில்லை. குறைக்கப்படாத நிழற்படம் ஒன்றே பெயர்கள் அனைத்தினும் மிகுதியாகத் தின்றுவிடும். படத்தைக் குறைக்கச் சோம்புவோர் பெயரின்மீது பாய்வது, பானை ஒழுக உப்புக் கல்லை எண்ணுவதை ஒக்கும்.

குறுக்கம் முற்றிலும் தீதன்று. அனுப்பும் பிரதியில் இயந்திரம் அதனைச் செய்யட்டும். அங்கும் விழிப்பு வேண்டும். பாணித்தாளிற் குறுகிய பெயர் நிரலில் நீண்டே கிடந்தால், பிழைச்செய்தி எதுவுமின்றி நிறம் மாத்திரம் காணாமற்போகும். எழுதுபவனின் மூலப்பிரதியையே குறுக்குமாறு பணிப்பதுதான் அநியாயம்.

மலையகம் இச்சிக்கனத்தின் இன்னொரு வடிவத்தை முன்னரே கண்டது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்க்கென 1901இல் தகரச் சீட்டு முறை புகுத்தப்பட்டது. போகவேண்டிய தோட்டத்தைச் சுட்டும் குறியைச் சிறு தகரம் தாங்கிற்று. வழிநெடுக அதிகாரிகளின் அலுவல் விரைந்தது. தோட்டத்திலோ செக்றோல் இருந்தது. அது துரையின் காரியாலயத்தில் இருந்ததேயன்றி லயத்தில் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தை, பாட்டன் பிறப்பினைப் பத்திரங்கொண்டு மெய்ப்பிக்கக் கேட்டபோது, பல்லாயிரவர் கையில் காட்டுதற்கு ஏதுமில்லை. குறியின் பொருளை விளக்கும் ஏடு குறியைச் சுமந்தவர் கையில் இல்லாவிடத்துச் சிக்கனம் யாருக்கு இலாபம்?

நிறமும் மனித வாழ்வும் ஒரு தட்டில் வைக்கத்தக்கன அல்ல என்பர் சிலர். உண்மையே. எனினும் பழக்கம் ஒன்றே: விளங்கும் பெயரைச் சுமையென்பதும், விளங்காத குறியைத் திறமையென்பதும். நோர்வூட் மாணவி தன் முதற் பாணித்தாளில் ‘தேயிலைநிறம்’ என்றே எழுதட்டும். இயந்திரம் அதனை ஓரெழுத்தாக்கின், எவ்வெழுத்து எப்பெயர்க்கு உரியதெனும் அட்டவணை அவள் கோப்பிலேயே கிடக்கட்டும். ஈராண்டு கழித்து அவள் தங்கை அதனைத் திறக்கையில் எவரையும் கேட்க வேண்டியிராது.