மழை காலம் தப்பிப் பெய்யுது! 17 சதவீத விதி மட்டும் அசைய மறுக்குது!



2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது, சம்பா கருகியது. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் அறுக்கப் போகிற நேரத்தில் மழை கொட்டியது. சாய்ந்த கதிர் வயலிலேயே முளைத்தது. 2023 ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்கள், நம்பிக் குறுவை போட்டோம். அக்டோபரில் அணையை மூடிவிட்டார்கள்.

இதையெல்லாம் 'இயற்கைச் சீற்றம்' என்று சொல்லிக் கைகழுவப் பார்க்கிறார்கள். நிலக்கரியும் எண்ணெயும் எரித்த புகையால் பூமி சூடாகிறது. சூடான காற்று கூடுதல் ஈரத்தைச் சுமக்கிறது. பெய்தால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. லாபம் பார்த்தவன் எங்கோ இருக்க, நட்டம் மட்டும் நம்ம களத்துக்கு வருவது என்ன நியாயம்?

கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் நெல்லை எடுக்க மாட்டார்கள். மழையில் நனைந்த நெல் எப்படி 17-ல் நிற்கும்? ஒவ்வொரு தடவையும் மாநில அரசு கடிதம் எழுதணும், டெல்லியிலிருந்து குழு வரணும், மாதிரி எடுக்கணும். உத்தரவு வருவதற்குள் நெல் முளைத்துவிடும். இல்லையென்றால் வியாபாரி கேட்ட விலைக்குப் போய்விடும்.

பயிர்க் காப்பீட்டில் நாம் பிரீமியம் கட்டுவது தனித்தனியாக. நட்டக் கணக்கோ கிராமம் முழுமைக்கும், நாலு இடத்தில் அறுத்துப் பார்த்து! மேட்டு வயல் விளைந்தால் பள்ளத்து வயல்காரன் வயிற்றில் அடியா?

நாம் கேட்பது:

1. மழைக்காலக் கொள்முதலுக்கு 22 சதவீத ஈரப்பதத்தை நிரந்தர விதியாக்கு!
2. கொள்முதல் நிலையங்களில் உலர்த்தும் இயந்திரமும் கூரையும் அமைத்திடு!
3. வடிகால் வாய்க்கால்களைப் பருவத்துக்கு முன்பே தூர்வாரு!
4. வயல்வாரியாக நட்டத்தைக் கணக்கிடு!

நம்ம பங்குக்கும் வேலை இருக்கு. பள்ளக்காலில் வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 போடுவோம்; பத்து நாள் மூழ்கினாலும் தழைத்து வரும். நெல் ஜெயராமன் ஊர் ஊராய் அலைந்து மீட்ட பாரம்பரிய ரகங்களில் நம்ம மண்ணுக்கு ஏற்றதைக் கையில் வைத்திருப்போம். ஊருக்கு ஊர் விதை இருப்பு வைப்போம். வயலுக்குள் ஓடும் வடிகாலை ஆக்கிரமிக்காமல் நாமே வெட்டி விடுவோம்.

ஆனால் விதையை மாற்ற நம்மால் முடியும். விதியை மாற்ற அரசால்தான் முடியும். சும்மா கேட்டால் மாற்ற மாட்டார்கள்.

வரும் குறைதீர் கூட்ட நாளன்று ஆட்சியர் அலுவலகம் முன்பு ஆர்ப்பாட்டம். முளைத்த நெல்லை ஆளுக்கு ஒரு பிடி கொண்டு வாருங்கள்! கட்சி, சாதி பாராமல் குடும்பத்தோடு வாரீர்! வாரீர்!

இவண்,
விவசாயிகள் சங்கம், கிளைச் செயலாளர்