முழக்கமிட்ட கை தட்டச்சும் பழகட்டும்!

சமுதாய இளைஞர்களே! வணிகப் பெருமக்களே!

போராடிப் பெற்ற உரிமையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வாசலிலேயே நின்று புலம்பலாமா?

2006-ல் வந்த சச்சார் குழு அறிக்கையைப் பாருங்கள். தமிழக மக்கள்தொகையில் முஸ்லிம்கள் 5.6 சதவீதம், மாநில அரசுப் பணிகளிலோ 3.2 சதவீதம். மாநாடுகளும் ஊர்வலங்களும் ஓயாமல் நடந்தன. 2007-ல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதத் தனி இடஒதுக்கீடு சட்டமானது. லப்பை, தக்கனி, துதேகுலா, அன்சார், மாப்பிள்ளா, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவினருக்கும் இது உண்டு. 200 இடங்களுக்கு 7 இடம். போதுமா? போதாது! கூட்டிக் கேட்போம். ஆனால் கிடைத்த ஏழுக்கு நம்மில் தயாராக இருப்பவர்கள் எத்தனை பேர்?

திருத்தணியையே எடுத்துக்கொள்வோம். ம.பொ.சி. போன்றோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் 1 அன்று இந்த ஊர் ஆந்திரத்திலிருந்து தமிழகத்துக்கு வந்தது. இங்கே தாலுகா அலுவலகக் கோப்பு பேசும் மொழி தமிழ். நம் வீடுகளில் தக்கனி உருதுவும் தெலுங்கும் புழங்கட்டும், தவறில்லை. ஆனால் குரூப் 4 தேர்வில் 200 வினாக்களில் 100 தமிழ். அந்த 150 மதிப்பெண்ணில் 60 எடுக்காவிட்டால், மற்ற விடைகள் எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை. முதல் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமையும் இருக்கிறது. பிள்ளையை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்துவிட்டுத் தமிழைக் கைகழுவும் பெற்றோர் இதை யோசித்ததுண்டா?

அடுத்தது தட்டச்சு. தட்டச்சர் பதவிக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுச் சான்று வேண்டும். ஒன்றிலாவது முதுநிலை தேறியிருக்க வேண்டும். ஆங்கில இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. பத்து நிமிடத்தில் 2,250 தட்டு! தேர்வுக்கு முந்தைய வாரம் பயிலகத்துக்கு ஓடினால் இந்த வேகம் வருமா? 'யளனகப' என்று விரலைப் பழக்கி, விசைப்பலகையைப் பாராமல் அடிக்கும் பழக்கம் மாதக்கணக்கில், தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால்தான் வரும். தேர்வு ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. பத்தாம் வகுப்பு விடுமுறையில் தொடங்கும் பிள்ளை, பன்னிரண்டு முடிப்பதற்குள் சான்றுகளோடு நிற்கலாம். மத்திய அரசின் எழுத்தர் தேர்விலும் கணினியில் ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 35 சொல் அடித்துக் காட்ட வேண்டும். இன்று பழகும் விரல் அங்கேயும் கைகொடுக்கும்.

"நமக்கெல்லாம் எங்கே கொடுக்கப் போகிறார்கள்?" என்று டீக்கடையில் பேசுவோர் உண்டு. பாரபட்சம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் குரூப் 4-க்கு நேர்முகத் தேர்வே கிடையாது! எழுத்துத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, கலந்தாய்வு, அவ்வளவுதான். நீ விண்ணப்பமே போடாத தேர்வில் உன்னை யார் ஒதுக்கினார்கள்? "சில லட்சம் கொடு, வேலை வாங்கித் தருகிறேன்" என்று வரும் தரகனையும் இதே கேள்வியால் விரட்டு. நேர்முகமே இல்லாத தேர்வில் அவன் எதை விற்கிறான்?

2024-ல் குரூப் 4-க்கு முதலில் அறிவிக்கப்பட்டவை 6,244 இடங்கள். நேர்க்கணக்குப் போட்டால் 3.5 சதவீதம் என்பது 200-ஐத் தாண்டும். இருநூறு குடும்பங்களின் வாழ்வு அது!

வணிகப் பெருமக்களே, "கடையில் இதைவிடச் சம்பாதிப்பான்" என்கிறீர்கள். கடைக்கு உரிமம், மகனுக்குச் சாதிச் சான்று, மனைக்குப் பட்டா என்று எத்தனை முறை அரசு மேசை முன் கைகட்டி நிற்கிறீர்கள்? அந்த மேசைக்குப் பின்னால் நம் பிள்ளை உட்காருவது சலுகை வாங்க அல்ல. அரசு நமக்கும் உரியது என்ற தெம்பு வருவதற்கு! கல்யாணப் பந்தலுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பகுதி போதுமே, ஜமாஅத் சார்பில் நாலு ஏழைப் பிள்ளைகளுக்குப் பயிலகக் கட்டணம் கட்ட. பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். பெண்களுக்குத் தனி ஒதுக்கீடு காத்திருக்கிறது.

இடஒதுக்கீட்டை உயர்த்தக் கேட்கும்போது, "கொடுத்ததை நிரப்பினீர்களா?" என்று ஒருவன் திருப்பிக் கேட்பான். அன்று பதில் சொல்ல மேடைப் பேச்சு உதவாது, பெயர்ப்பட்டியல்தான் உதவும். அந்தப் பட்டியலில் உன் பெயர் இருக்குமா?

சிந்திப்பீர்! இந்தப் பருவத்திலேயே பயிலகத்தில் பெயரைப் பதிவு செய்வீர்!