வானத்துக் கண்ணுக்கு ஆலைத் தூசி தெரியுமா?

ஸ்ரீவில்லிபுத்தூரில் காலையில் வாசலுக்கு வந்து மேற்கே பாருங்கள். சில நாட்களில் மலை துலக்கமாகத் தெரியும். மரம் மரமாக எண்ணிவிடலாம் போலிருக்கும். சில நாட்களில் மலை மங்கிவிடும். சாம்பல் பூசியது போல நிற்கும்.

மலை எங்கும் போய்விடவில்லை. நடுவில் ஏதோ திரை விழுந்திருக்கிறது. அது என்ன திரை?

பனியாக இருக்கலாம். ஆனால் பல நாட்களில் அது தூசியும் புகையும்தான். சாலைப் புழுதி, லாரிப் புகை, குப்பை எரித்த புகை, அடுப்புப் புகை எல்லாம் அதில் உண்டு. ஒரு மில்லிமீட்டரை 400 கூறு போடுங்கள். அதில் ஒரு கூறு அளவுள்ள துகள்களும் அதைவிடச் சிறியவையும்தான் மிகப் பொல்லாதவை. கண்ணுக்குத் தெரியாது. மூக்கு தடுக்காது. நேரே நுரையீரலின் அடிவரை போய்விடும்.

தூசியை அளக்கும் கோள்

இந்தத் திரையை வானத்திலிருந்து அளக்கிறார்கள். 1999-ல் அமெரிக்கா அனுப்பிய ‘டெர்ரா’ என்ற செயற்கைக் கோள் சுமார் 700 கிலோமீட்டர் உயரத்திலிருந்து பூமியைப் படம் பிடித்தது. 2013-ல் அனுப்பிய ‘இன்சாட்-3டி’ முதல் நம் நாட்டு வானிலைக் கோள்களும் 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து இந்த வேலையைச் செய்கின்றன.

எப்படி? சூரிய வெளிச்சம் தூசியில் பட்டுச் சிதறுகிறது. அதில் ஒரு பங்கு மேலே திரும்புகிறது. அதைக் கோள் பார்க்கிறது. எவ்வளவு சிதறியது என்பதைக் கொண்டு தூசி எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள்.

விமானமும் உண்டு. 1999-ல் இந்தியப் பெருங்கடலில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. கப்பல்கள், விமானங்கள், கோள்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வேலை செய்தன. அதை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் வி.ராமநாதன். நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்தவர்! கடலுக்கு மேலே சுமார் 3 கிலோமீட்டர் உயரம்வரை பழுப்பு நிறப் புகைப்படலம் பரவியிருந்ததை அவர்கள் கண்டார்கள். நிலத்தில் நாம் விட்ட புகை கடல் தாண்டிப் போயிருந்தது. 2006-ல் நம் நாட்டு விஞ்ஞானிகளும் கப்பலும் விமானமும் கொண்டு அதே போல் ஆராய்ந்தார்கள்.

கண்ணுக்கு எட்டாதது

இந்தக் கணக்குகள் ரகசியம் அல்ல. கேட்பவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. சுமார் 10 கிலோமீட்டர் நீளமும் அகலமும் உள்ள கட்டம் கட்டமாக எண் வரும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறக்குறைய அவ்வளவு தூரம்தான். ஆகவே ஊருக்கு ஒரு கட்டம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு சங்கதி. அந்த ஒரு கட்டத்துக்குள் கோவிலும் இருக்கிறது, பஸ் நிலையமும் இருக்கிறது, பஞ்சாலையும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே எண்! மேகம் மூடினால் அதுவும் இல்லை. கோள் அளப்பது தரையிலிருந்து ஆகாயம்வரை உள்ள மொத்தத் தூசியை. நாம் மூச்சு விடுவதோ தரையில்.

இன்னொன்று. கூரைக்குக் கீழே கோள் பார்க்காது.

ராஜபாளையம் பஞ்சாலை ஊர். எத்தனையோ குடும்பங்களுக்கு நூற்பாலைதான் சோறு போடுகிறது. பஞ்சைப் பிரித்து அடிக்கும் புளோரூமிலும், கார்டிங்கிலும் பஞ்சுத் தூசி பறக்கும். பல ஆண்டுகள் அதைச் சுவாசித்தவர்களுக்கு ‘பிஸினோசிஸ்’ என்ற நோய் வரலாம். அதன் அடையாளம் விசித்திரமானது. வார லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுகும். மறுநாள் சரியாகிவிடும். “லீவில் கண்டதைத் தின்றேன்; சளி பிடித்துவிட்டது” என்று தொழிலாளி நினைத்துக்கொள்வார். ஆரம்பத்திலேயே தூசியை விட்டு விலகினால் குணமாகும். விட்டுவிட்டால் நிரந்தரமாகிவிடும். சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் இதுவும் உண்டு.

என்ன செய்யலாம்?

“அப்படியானால் ஆலையை மூடச் சொல்கிறீர்களா?” என்று கேட்கலாம். இல்லை! ஆலை மூடினால் அடுப்பு எரியாது. தூசியை அளக்கத்தான் சொல்கிறோம். அளக்காமல் குறைக்க முடியாது.

முதலாவது, நகராட்சிகள் தரையில் கருவி வைத்து அளக்க வேண்டும். கோள் சொல்லும் எண்ணையும் கருவி சொல்லும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பஸ் நிலையத்தில் பலகை வைக்க வேண்டும். மிக நுண்ணிய தூசி ஒரு கனமீட்டர் காற்றில் ஒரு நாள் சராசரியாக 60 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன அளவு 15. இந்த இரண்டையும் அதே பலகையில் எழுதலாம்.

இரண்டாவது, ஆலைக்குள் எவ்வளவு தூசி என்பதை ஆலை வாசலில் தமிழில் எழுதிப் போட வேண்டும். வார லீவுக்கு மறுநாள் ஷிப்டு தொடங்கும் முன்பும் முடிந்த பின்பும் தொழிலாளியின் மூச்சைச் சோதிக்க வேண்டும். ஊதிப் பார்க்கும் சிறு கருவி போதும்.

வானத்தில் பல்லாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் கண் வைத்துவிட்டோம். பத்தடி உயரத்தில், கூரைக்குக் கீழே ஒரு கருவி வைக்க முடியாதா?

உங்கள் வீட்டில் ஆலைக்குப் போகிறவர் உண்டா? லீவு முடிந்து வேலைக்குப் போய்த் திரும்பும் அன்று இரவு, “நெஞ்சு எப்படி இருக்கிறது?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இறுக்கமாக இருக்கிறது என்று சொன்னால் கஷாயத்தோடு நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் அழைத்துப் போங்கள். ஆலையில் என்ன வேலை என்பதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.